வீட்டில் தவில், நாகசுவரப் பயிற்சிக்கான ஒலித்தடுப்பு அறை

வீட்டின் ஓர் அறையில் உரத்த இசைக்கருவியை வாசிக்கும்போது அதன் ஒலி பக்கத்து வீட்டுக்கும் தெருவுக்கும் தொல்லையாகப் போகாதபடி அறையை அமைப்பது ஒலித்தடுப்பு எனப்படும். இதைப் பற்றிக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை டிரம்ஸும் மின் கித்தாரும் வாசிப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. தமிழ்நாட்டில் இந்தச் சிக்கலை அவர்களுக்கு வெகுகாலம் முன்பே சந்தித்தவர்கள் தவிலும் நாகசுவரமும் கற்பவர்கள். ஒலிபெருக்கி இல்லாமலேயே ஒரு தெருவை நிறைக்கக்கூடிய கருவிகள் அவை.

காஞ்சிபுரத்தை எடுத்துக்கொண்டால் சிக்கல் தெளிவாகத் தெரியும். ஏகாம்பரநாதர், காமாட்சி அம்மன், வரதராஜப் பெருமாள் கோயில்கள் உள்ள ஊர். நாகசுவரமும் தவிலும் இல்லாமல் அங்கே திருவிழா நடக்காது. மாவட்ட அரசு இசைப்பள்ளியில் இவ்விரு கருவிகளும் கற்பிக்கப்படுகின்றன. பள்ளியில் ஆசிரியர் முன் வாசிப்பது சில மணி நேரந்தான். கை பழகுவதும் மூச்சு நிலைப்பதும் வீட்டில்தான். அந்த வீடோ பெரும்பாலும் இருபுறமும் பொதுச்சுவர் கொண்ட வரிசை வீடு, அல்லது மாடியில் ஒரு வாடகை அறை. பழக இடம் கிடைக்காத மாணவர் சில மாதங்களில் பின்தங்கிவிடுவார். கற்றலையே நிறுத்திவிடவும் கூடும்.

தெருவுக்கான கருவி அறைக்குள் வந்தால்

நாகசுவரம் ஆச்சா மரத்தால் ஆன நீண்ட கூம்புக் குழல். மேல் முனையில் சீவாளி, கீழ் முனையில் அணசு. சுவாமி புறப்பாட்டில் நான்கு ராஜ வீதிகளிலும் கூட்டத்தின் இரைச்சலைத் தாண்டிக் கேட்க வேண்டிய கருவி ஆதலால், அதன் ஒலியில் அடிப்படைச் சுருதியோடு உயர் அதிர்வெண்களும் மிகுதியாக உண்டு. மனிதக் காது மிகக் கூர்மையாக உணர்வது 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை. நாகசுவரத்தின் வலிமையில் பெரும் பங்கு அங்கே விழுகிறது.

தவில் வேறு வகை. பலா மரத்தைக் குடைந்த உடல். வலந்தலையில் விரல்களில் மாட்டிய கூடுகளால் அடி, தொப்பியில் கழியால் அடி. வலந்தலை ஓசை வெடிப்பானது, மிகக் குறுகிய நேரமே நீடிப்பது. தொப்பியின் ஓசை தாழ்ந்த அதிர்வெண் கொண்டது. சுவரையும் தரையையும் அசைத்துக்கொண்டு போவது இந்தத் தொப்பி ஓசைதான்.

ஆகவே இரண்டுக்கும் ஒரே மருந்து போதாது. நாகசுவர ஒலியைச் செங்கல் சுவர் எளிதில் தடுத்துவிடும்; ஆனால் அது கதவிடுக்கு வழியே நழுவும். தவிலின் தொப்பி ஓசைக்கு இடுக்குகூடத் தேவையில்லை, சுவர் வழியாகவே போய்விடும். அறை அமைக்க நினைப்பவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது எந்தக் கருவிக்காக அமைக்கிறோம் என்பதைத்தான்.

இதே ஊரில் பிறந்த காஞ்சிபுரம் நாயனா பிள்ளை (1889–1934) வயலின், மிருதங்கத்தோடு கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் எனப் பல பக்கவாத்தியங்களை ஒரே மேடையில் அமர்த்திக் கச்சேரி செய்தவர். லய வித்தகத்துக்குப் பேர்போன அவரைப் போன்றவர்கள் வாழ்ந்த காலத்தில் தெருவில் மோட்டார் வண்டிச் சத்தம் குறைவு, வீட்டுக்கு வீடு தொலைக்காட்சியும் இல்லை. அன்றைய அமைதியில் ஒரு வீட்டுச் சாதகம் இன்னும் தொலைவு கேட்டிருக்கும். ஆனால் அதைக் கேட்டுக்கொண்டிருந்த தெருவும் வேறு. இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்குபவரும், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையும், முதியவரும் ஒரே சுவருக்கு அப்பால் இருக்கும் இன்றைய நிலையில், பொறுத்துக்கொள்ளச் சொல்வதோடு நிறுத்திவிட முடியாது.

ஒலி போகும் இரு வழிகள்

அறையை விட்டு ஒலி இரண்டு வழிகளில் வெளியேறுகிறது. ஒன்று காற்றின் வழி: திறந்த சாளரம், கதவிடுக்கு, வெண்டிலேட்டர். மற்றொன்று கட்டடத்தின் வழி: கருவியின் அதிர்வு தரையிலும் சுவரிலும் இறங்கி, அடுத்த அறையின் சுவர் ஒரு பெரிய தோல்போல அசைந்து மீண்டும் ஒலியாகிறது.

இந்த இரண்டாவது வழியைக் காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தறி ஓடும் வீட்டில் பலகை ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் எழும் ஓசையைக் கேட்டே வளர்ந்தவர்கள் அவர்கள். பழைய குழித்தறியின் கால்கள் மண்ணில் ஊன்றியிருக்கும். நெசவாளரும் குழிக்குள் கால்விட்டு அமர்ந்திருப்பார். அடியின் அதிர்வில் கணிசமான பங்கு நிலத்துக்குள் இறங்கிவிடும். அதே தறியை மாடியில் கான்கிரீட் தளத்தின் மேல் வைத்தால் கீழ் வீட்டுக்காரருக்குத் தலைக்கு மேல் அடிப்பதுபோல் இருக்கும். தவிலுக்கும் இதே கணக்குதான்.

ஒலியின் அளவு டெசிபலில் சொல்லப்படுகிறது. இது கூட்டல் கணக்கன்று, மடங்குக் கணக்கு. 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரு மடங்கு. 10 கூடினால் பத்து மடங்கு. ஆனால் காதுக்கு 10 டெசிபல் ஏற்றம் ஏறக்குறைய இரு மடங்கு சத்தமாகவே படும். ஒரு மீட்டர் தொலைவில் இயல்பான பேச்சு 60 டெசிபல் அளவு. சிறிய அறைக்குள் முழு வீச்சில் வாசிக்கும் தவில் 100 டெசிபலை எட்டும்.

முட்டை அட்டை ஏன் உதவாது

ஒலி உறிஞ்சுதலும் ஒலித்தடுப்பும் ஒன்றல்ல. இந்த ஒரு வேறுபாட்டை அறியாததால் வீணாகும் பணம் மிக அதிகம். உறிஞ்சுதல் என்பது அறைக்குள் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் குறைப்பது. பஞ்சு, திரை, கம்பளம் போன்ற மென்மையான, காற்று நுழையும் பொருள்கள் இதைச் செய்யும். தடுப்பு என்பது ஒலியை மறுபக்கம் போகவிடாமல் நிறுத்துவது. அதற்கு வேண்டியவை எடையும், இடுக்கில்லாத மூடலும்.

உறிஞ்சுதலை முதலில் முறையாக அளந்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் ஆசிரியர் வாலஸ் சபைன். அங்குள்ள ஃபாக் அருங்காட்சியகத்தின் விரிவுரை அரங்கில் பேசுவது புரியாத அளவுக்கு எதிரொலி இருந்தது. 1895-இல் அதைச் சீர்செய்யும் பொறுப்பு அவரிடம் வந்தது. பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து அடுக்கி, எத்தனை மெத்தைக்கு எதிரொலி எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். அதிலிருந்து பிறந்த சூத்திரம் இன்றும் பயன்படுகிறது: அறையின் கனஅளவை 0.161-ஆல் பெருக்கி, அறையிலுள்ள மொத்த உறிஞ்சு பரப்பால் வகுத்தால் எதிரொலி அடங்கும் நேரம் நொடிகளில் கிடைக்கும். 1900-இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி அரங்கம் இந்தக் கணக்கைக் கொண்டு வடிவமைக்கப்பட்டது.

சபைனின் மெத்தைகள் அரங்குக்குள் பேச்சைத் தெளிவாக்கின. ஒலியை வெளியே போகாமல் நிறுத்துவது அவற்றின் வேலையே அன்று. முட்டை அட்டைகளைச் சுவரெங்கும் ஒட்டினாலும் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிலோ எடைகூட வராது. பூச்சோடு கூடிய 9 அங்குலச் செங்கல் சுவர் ஒரு சதுர மீட்டருக்கு 400 கிலோவுக்கு மேல். அந்தச் சுவரைத் தாண்டும் தவில் ஓசையை அட்டை என்ன செய்துவிடும்? பழைய இலவம்பஞ்சு மெத்தைகளைச் சாத்தி வைப்பது முட்டை அட்டையைவிட எவ்வளவோ மேல்; எதிரொலியை நன்றாகவே குறைக்கும். ஆனால் அதுவும் தடுப்பாகாது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. மலிவான பாலியூரித்தேன் நுரைப் பலகைகள் மிக வேகமாகத் தீப்பற்றும், நச்சுப்புகை விடும். 2003 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில் 'தி ஸ்டேஷன்' என்ற கேளிக்கை விடுதியில், ஒலிக்காகச் சுவரில் ஒட்டியிருந்த நுரையில் வாணவேடிக்கைப் பொறி பட்டது. அந்தத் தீயில் 100 பேர் இறந்தார்கள். பூசைக்கு விளக்கேற்றி ஊதுபத்தி கொளுத்திய பிறகே வாத்தியத்தைத் தொடும் வழக்கமுள்ள வீடுகளில் இதை மறக்கக் கூடாது. இலவம்பஞ்சும் எளிதில் எரியக்கூடியதே. பாறைக் கம்பளி எனப்படும் ராக்வுல் எரியாது. சற்றுச் செலவானாலும் அதுவே ஏற்றது.

இடுக்குகள்

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், இடுக்குகளிலிருந்துதான். ஒரு சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மீதி 99 பங்கு மலையாகவே இருந்தாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. ஆயிரத்தில் ஒரு பங்கு திறந்திருந்தால் எல்லை 30.

10 அடிக்கு 10 அடிச் சுவர் என்றால் ஏறத்தாழ 9 சதுர மீட்டர். அதில் ஒரு கதவு. கதவின் கீழ் 90 செ.மீ. அகலத்துக்கு 1 செ.மீ. இடைவெளி. அதுவே ஆயிரத்தில் ஒரு பங்கு. 50 டெசிபல் தடுக்கக்கூடிய சுவர், காலடியில் இருக்கும் அந்த ஒரு கீற்றால் 30-க்கு இறங்கிவிட்டது. அதே சுவரில் 60 செ.மீ.க்கு 45 செ.மீ. வெண்டிலேட்டர் திறந்திருந்தால் நூற்றில் மூன்று பங்கு. தடுப்பு 15 டெசிபல்தான். இவ்வளவு தெரிந்த பிறகும் சுவருக்குப் பலகை அடித்துவிட்டு வெண்டிலேட்டரை அப்படியே விட்டுவைக்கும் வீடுகள் உண்டு.

இடுக்கைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். இரவில் அறை விளக்கை மட்டும் ஏற்றிக் கதவைச் சாத்திவிட்டு வெளியே இருட்டில் நின்று பார்த்தால், ஒளி கசியும் இடமெல்லாம் ஒலி கசியும் இடம். ஒளிக்கு வளைந்து போகத் தெரியாது, ஒலிக்குத் தெரியும். ஆகவே ஒளி தெரியாத வளைந்த இடுக்குகளுக்கு ஊதுபத்திப் புகையைக் காட்டிப் பார்க்க வேண்டும்.

பழைய காஞ்சிபுரம் வீடுகளில் கவனிக்க வேண்டியவை தனி. பொதுச்சுவரில் விளக்கு மாடங்களும் சுவர் அலமாரிகளும் இருக்கும். அந்த இடத்தில் 9 அங்குலச் சுவர் 4½ அங்குலமாகியிருக்கும். இரு வீட்டு அலமாரிகளும் நேருக்கு நேர் அமைந்திருந்தால் நடுவில் மிஞ்சுவது ஒரு மெல்லிய தடுப்பே. மெட்ராஸ் டெரஸ் கூரையின் மர உத்திரங்கள் பொதுச்சுவரில் செருகிய பொந்துகளில், காலப்போக்கில் சுண்ணாம்பு உதிர்ந்து வழி உண்டாகியிருக்கும். மாடங்களைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசுவதும், உத்திரப் பொந்துகளைச் சுண்ணாம்புக் காரையால் நிரப்புவதும் ஒரு கொத்தனாரின் ஓரிரு நாள் வேலை. புதிய வீடுகளில் இதே வேலையைச் செய்வது, முதுகோடு முதுகாகப் பதித்த சுவிட்ச் பெட்டிகள்.

கதவைப் பொறுத்தவரை உள்ளே கூடான மலிவுக் கதவு 20 டெசிபல்கூடத் தடுப்பது அரிது. கெட்டியான கனத்த மரக்கதவு, நிலையைச் சுற்றிலும் ரப்பர் பட்டி, அடியில் தரையைத் தொடும் பட்டை எல்லாம் சேர்ந்தால் 30 அளவுக்கு வரும். அதற்கு மேல் வேண்டுமானால் ஒரே கதவைத் தடிப்பாக்குவதைவிட, இடைவெளி விட்டு இரண்டு கதவு வைப்பதே வழி. பழைய வீடுகளின் ரேழி இதற்கென்றே கட்டியதுபோல் அமைந்திருக்கிறது: வாசற்கதவுக்கும் உட்கதவுக்கும் நடுவில் ஒரு சிறு நடை. அதன் சுவரில் கனத்த துணியோ ராக்வுல் பலகையோ பொருத்தி, இரு கதவுகளுக்கும் ரப்பர் பட்டி போட்டால் தெருப்பக்கம் போகும் ஒலி நன்றாகக் குறையும். ரேழியை இடித்துக் கூடத்தோடு சேர்த்துவிட்ட வீடுகளில் இந்த வசதி போய்விட்டது.

சுவரும் கூரையும்

சுவரின் எடையை இரு மடங்காக்கினால் தடுப்பு 5 முதல் 6 டெசிபல் கூடும். பூச்சோடு கூடிய 4½ அங்குலச் செங்கல் சுவர் சுமார் 45, 9 அங்குலச் சுவர் சுமார் 50 தடுக்கும். எடையை மட்டும் நம்பி 50-ஐ 60 ஆக்க வேண்டுமானால் மூன்றடித் தடிப்புச் சுவர் கட்ட வேண்டும். கோயில் மதிலுக்குப் பொருந்தும்; வீட்டுக்குப் பொருந்தாது. இப்போது பரவியிருக்கும் எடை குறைந்த காற்றடைத்த கான்கிரீட் கற்கள் வெப்பத்துக்கு நல்லவை. ஒலித்தடுப்பில், அதே தடிப்புள்ள செங்கல்லுக்குப் பின்தங்கியவையே.

இந்த எண்கள் பல அதிர்வெண்களுக்கும் பொதுவான மதிப்பீடு. தாழ்ந்த அதிர்வெண்களில் அதே சுவர் பத்துப் பதினைந்து டெசிபல் குறைவாகவே தடுக்கும். எனவேதான் பக்கத்து வீட்டில் நாகசுவரம் மங்கிப்போன பிறகும் தவிலின் தொப்பி மட்டும் 'தொம் தொம்' என்று கேட்கிறது.

மூன்றடிச் சுவருக்கு மாற்று, இருக்கும் சுவரைத் தொடாமல் உள்ளே இன்னொரு மெல்லிய சுவர் எழுப்புவது. இரும்புச் சட்டத்தைத் தரையிலும் மேலேயும் மட்டும் பொருத்தி, பழைய சுவரிலிருந்து இடைவெளி விட்டு நிறுத்தி, இடைவெளியில் ராக்வுல் நிரப்பி, 12.5 மி.மீ. ஜிப்சம் பலகையை இரண்டு அடுக்காக, மூட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வராதபடி அடிக்க வேண்டும். ஓரங்களைக் காய்ந்தாலும் இறுகாத சீலன்ட் பசையால் அடைக்க வேண்டும்.

இதில் இடைவெளியின் அளவு முக்கியம். சுவர், காற்று, பலகை மூன்றும் சேர்ந்து ஒரு வில்போல ஆடும். அந்த ஆட்டத்துக்குரிய அதிர்வெண்ணில் இரட்டைச் சுவர் ஒற்றைச் சுவரைவிடவும் மோசமாகத் தடுக்கும். 9 அங்குலச் சுவருக்கு முன்னால் சதுர மீட்டருக்கு 17 கிலோ எடையுள்ள ஜிப்சம் அடுக்கை 2.5 செ.மீ. இடைவெளியில் நிறுத்தினால் அந்த அதிர்வெண் 95 ஹெர்ட்ஸ் அளவில் விழும். அது தொப்பி ஓசைக்கு நெருக்கமான இடம். இடைவெளியை 10 செ.மீ. ஆக்கினால் 47 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். அறையில் நான்கு அங்குலம் போகிறதே என்று மனம் வராமல், தச்சரைக் கொண்டு சுவரிலேயே ரீப்பர் அடித்துப் பலகை பொருத்துபவர்கள் செலவும் செய்து தவில் ஓசையையும் கூட்டிக்கொள்கிறார்கள். சட்டத்தைச் சுவரோடு இணைக்கும் ஒவ்வோர் ஆணியும் அதிர்வுக்கு ஒரு பாலம்.

கூரை மெட்ராஸ் டெரஸாகவோ கான்கிரீட்டாகவோ இருந்தால் கவலை குறைவு. நாட்டோடு அல்லது சிமென்ட் தகடு வேய்ந்த வீடென்றால் சுவருக்குச் செய்யும் எதுவும் பயன்படாது. ஒலி மேலே எழும்பி எல்லா வீட்டுக்கும் போகும். அங்கே அறைக்குள் தனிக் கூரையோடு இன்னோர் அறை கட்டுவது ஒன்றே வழி. பலருக்கு அது கட்டுப்படியாகாது.

தரை

தரைத்தளத்தில் மண்மேல் போட்ட தரையில் அமர்ந்து வாசிப்பதே சிறந்தது. மாடியில்தான் இடம் என்றால் தளத்தைத் தொடாத மேடை வேண்டும்: கெட்டியான ரப்பர்த் துண்டுகள், அவற்றின்மேல் 18 மி.மீ. பிளைவுட் இரண்டு அடுக்கு, சுவரோடு ஒட்டாமல் சுற்றிலும் விரலளவு இடைவெளி. சுவரைத் தொட்டுவிட்டால் மேடை போட்டதன் பயன் போயிற்று. இதற்கும் வழியில்லாத மாணவர் தவிலுக்கு அடியிலும் தமக்கு அடியிலும் கனத்த பஞ்சு மெத்தை போட்டு அமர்வதே கீழ் வீட்டாருக்குப் பெரிய உதவி.

காற்று

எல்லா இடுக்கையும் அடைத்த அறையில் காற்று எங்கிருந்து வரும்? சித்திரை வெயிலில் 40 பாகை தொடும் ஊரில் இதுவே பலரையும் தோற்கடிக்கும் கேள்வி. 10 அடிக்கு 12 அடி, 10 அடி உயர அறையின் கனஅளவு 34 கன மீட்டர். மூச்சுப் பிடித்து நாகசுவரம் ஊதும் மாணவரும் ஆசிரியரும் ஒரு மணி நேரம் அதில் இருந்தால் கரியமில வாயு ஏறித் தலை கனக்கத் தொடங்கும். குளிர்சாதனம் வைத்தால் தீர்ந்தது என்று நினைப்பார்கள். சாதாரண ஸ்பிளிட் ஏசி உள்ளே இருக்கும் காற்றையே சுழற்றிக் குளிர்விக்கிறது, புதுக்காற்றைக் கொண்டு வருவதில்லை. தவிர, அதன் உலர்ந்த காற்றில் தவிலின் தோல் இறுகிச் சுருதி ஏறும் தொல்லையும் உண்டு.

தீர்வு, வெண்டிலேட்டரை அடைக்காமல் அதன்மேல் வளைவுப் பெட்டி பொருத்துவது. 18 மி.மீ. பிளைவுட்டில் நீண்ட பெட்டி செய்து, உள்ளே தடுப்புகள் வைத்துக் காற்று இரண்டு மூன்று முறை திரும்பிச் செல்லும்படி அமைத்து, உட்புறம் முழுவதும் துணியால் மூடிய ராக்வுல் ஒட்டப்படும். காற்று வளைந்து போய்விடும்; ஒலி ஒவ்வொரு திருப்பத்திலும் ராக்வுல்லில் மோதித் தேயும். இப்படி ஒன்று தாழ்வாகக் காற்று உள்ளே வர, மற்றொன்று உயரத்தில் சிறு விசிறியோடு வெளியேற. பெட்டி குறுகலாக இருந்தால் விசிறி இரையும். ஆதலால் காற்றுவழி அகலமாக இருக்க வேண்டும். இந்தப் பெட்டிகள் அழகாக இருக்காது. ஆனால் இவை இல்லாத அறையில் இரண்டாம் வாரமே கதவைத் திறந்துவைத்து வாசிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

வாசிப்பவரின் காது

அறையை மூட மூட உள்ளே இருப்பவருக்குக் கேடு கூடுகிறது. திறந்த வெளியில் தொலைந்துபோகும் ஒலி, பூசிய சுவர்களுக்குள் திரும்பத் திரும்ப வந்து காதில் விழுகிறது. அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல நிறுவனம் பரிந்துரைக்கும் எல்லை, ஒரு நாளில் 85 டெசிபல் ஒலியில் 8 மணி நேரம். அதன்மேல் 3 டெசிபல் கூடும்தோறும் நேரம் பாதியாகும். 94-க்கு ஒரு மணி. 100-க்கு 15 நிமிடம் மட்டுமே.

உறிஞ்சு பொருள் உண்மையில் தேவைப்படுவது இங்கேதான். மேலே சொன்ன 34 கன மீட்டர் அறை வெறும் பூச்சுச் சுவரோடு இருந்தால், சபைன் கணக்கில் எதிரொலி அடங்க மூன்று நொடி அளவு ஆகும். 12 சதுர மீட்டர் பரப்புக்கு 5 செ.மீ. தடிப்புள்ள ராக்வுல் பலகைகளைத் துணி மூடிச் சுவரிலும் கூரையிலும் பொருத்தினால் அரை நொடியாகிவிடும். அறைக்குள் நிறையும் ஒலி 7 அல்லது 8 டெசிபல் குறையும். அந்த அளவுக்குப் பக்கத்து வீட்டுக்குப் போவதும் குறையும். கருவியிலிருந்து நேராகக் காதில் விழும் ஒலி இதனால் குறையாது. ஆகையால் நீண்ட பயிற்சிக்குக் காதடைப்பான் வேண்டும். எல்லா அதிர்வெண்களையும் ஒரே அளவில் குறைக்கும் இசைக்கலைஞர் காதடைப்பான்கள் கிடைக்கின்றன. சாதாரணப் பஞ்சு சுருதியை மங்கலாக்கிவிடும். தவில் கற்கும் சிறுவர்களுக்கு இதைப் பழக்குவோர் இன்னும் குறைவு. இழந்த செவித்திறன் திரும்புவதில்லை என்பதைக் கருதினால், சுவருக்குச் செலவிடும் முன் செய்ய வேண்டிய செலவு இதுவே என்று சொல்லத் தோன்றுகிறது.

விடியற்காலைச் சாதகமும் விதிகளும்

ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000, குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரையறுக்கின்றன. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. 2010 திருத்தத்தின்படி, தனியாரின் ஒலிக்கருவியால் எழும் ஒலி அவர் இடத்தின் எல்லையில் இந்த அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. இரவில் மூடிய அரங்குகளுக்குள்ளும் நெருக்கடி நேரத்திலும் தவிர இசைக்கருவிகளை ஒலிக்கக் கூடாது என்பதும் அதில் சேர்ந்தது.

சாதகத்துக்குரிய நேரமாக இசை மரபு சொல்வதோ விடியற்காலை நான்கு, ஐந்து மணி. சட்டப்படி அது இரவு. 100 டெசிபல் தவில், 9 அங்குலப் பொதுச்சுவரைத் தாண்டி 50 டெசிபலாகப் பக்கத்து வீட்டில் விழுந்தால் பகலில் வண்டிச் சத்தத்தோடு கரைந்துவிடும். ஊர் அடங்கிய வேளையில் வீட்டுக்குள் இயல்பான அமைதி 30 டெசிபல் அளவுக்கு இறங்கியிருக்கும். அப்போது அதே 50, உறங்குபவரை எழுப்பப் போதும். நல்ல இரட்டைச் சுவர் அமைத்தும் தொப்பி ஓசை ஓரளவு கசியவே செய்யும். வீட்டு அறையில் தவிலுக்கு முழு அமைதி கிடைக்கும் என்று சொல்லி விற்பவரை நம்ப வேண்டியதில்லை.

பயிற்சி முழுவதும் உரக்க நடக்க வேண்டும் என்பதும் இல்லை. தவில் மாணவர் சொற்கட்டுகளை வாயால் சொல்லிக் கையால் தாளமிட்டு மனத்தில் ஏற்றலாம். மரக்கட்டையில் தட்டி விரலைப் பழக்கலாம். நாகசுவரம் கற்பவர் கீர்த்தனையையும் ஸ்வரக் கோவைகளையும் முதலில் பாடிப் பழகுவது எப்போதும் உள்ள முறை. சீவாளியில் உதடு அமைவதும், துத்துக்காரமும், நீண்ட மூச்சும் மட்டும் ஊதித்தான் வரும். விடியற்காலையை முதல் வகைக்கும், காலை ஆறுக்குப் பிந்திய நேரத்தை இரண்டாவது வகைக்கும் பிரித்துக்கொண்டால் சுவருக்கு ஆகும் செலவில் பாதி மிஞ்சும்.

வாடகை வீட்டில் இருப்பவர் சுவரைத் தொட முடியாது. பொதுச்சுவர் இல்லாத நடு அறையைத் தேர்ந்தெடுப்பது, அந்தக் கதவுக்கு ரப்பர் பட்டி போடுவது, பிரித்து எடுத்துச் செல்லக்கூடிய வளைவுப் பெட்டியைச் சாளரத்தில் பொருத்துவது, கருவிக்கு அடியில் மெத்தை போடுவது ஆகியவை அவருக்கு எட்டக்கூடியவை. சொந்த வீட்டுக்காரர் இரட்டைச் சுவர் எழுப்புவதற்கு முன் இவற்றைச் செய்து முடித்து ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நல்லது. வீட்டார் ஒருவர் அறைக்குள் தவில் வாசிக்க, மாணவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு அவர் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து கேட்க வேண்டும். கைப்பேசிச் செயலியின் டெசிபல் எண் துல்லியமானதன்று என்றாலும் முன்னும் பின்னும் ஒப்பிட உதவும். பகலில் ஒருமுறை, இரவு ஒன்பது மணிக்கு மேல் தெரு அடங்கிய பிறகு ஒருமுறை. இரண்டாவது சோதனையில் தொப்பி மட்டுமே கேட்டால் அடுத்த செலவு சுவருக்கு. வலந்தலையும் சேர்ந்து கேட்டால் இன்னும் எங்கோ ஓர் இடுக்கு இருக்கிறது.